முன் அச்சின் பூட்டுக்குடம்: கழற்றியபின் மீண்டும் பொருத்தும் முறை

நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசையைச் செலுத்தவல்ல பழைய ஜீப்புகளும் சிறு டிரக்குகளும் மலைத்தோட்டங்களிலும், சாலை செல்லாத சிற்றூர்களிலும் இன்றும் ஓடக் காண்கிறோம். இவற்றுள் சிலவற்றின் முன் சக்கரங்களில் கையால் திருப்பக்கூடிய வட்டமான குமிழ் ஒன்று இருக்கும். ஓட்டுநர்கள் இதனை ‘லாக்கிங் ஹப்’ என்பர். இக்கட்டுரையில் நாம் இதனைப் பூட்டுக்குடம் என வழங்குவோம். இதனைக் கழற்றுவது எளிது. மீண்டும் பொருத்துகையில் நேரும் பிழையோ, பட்டறைக்கு வெகு தொலைவில், ஓடையின் நடுவிலோ மலைச்சரிவிலோதான் வெளிப்படுகிறது. ஆகவே, வண்டியை நம்பிப் பணிபுரியும் களப்பணியாளர் ஒவ்வொருவரும் இதன் அமைப்பை அறிந்திருத்தல் நலம்.

பூட்டுக்குடத்தின் பயன்

சாதாரணச் சாலையில் இத்தகைய வண்டியின் பின் சக்கரங்கள் மட்டுமே விசை பெறுகின்றன. ஆயினும் முன் சக்கரங்கள் உருளும்போது, அவற்றுடன் இணைந்த அச்சுத் தண்டுகளும், டிபரன்ஷியல் பற்சக்கரங்களும், முன் புரொப்பெல்லர் தண்டும் வீணே சுழல்கின்றன. இதனால் தேய்மானமும் இரைச்சலும் மிகுகின்றன. இக்குறையை நீக்கவே பூட்டுக்குடம் தோன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் எஞ்சிய ஜீப்புகள் அமெரிக்காவில் பொதுமக்களிடம் வந்தபோது, ஸியாட்டில் நகரில் ஆர்தர் வார்ன் என்பவர் 1948-ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் இத்தகைய குடங்களைச் செய்து பரப்பியது.

குமிழை ‘விடு’ நிலையில் வைத்தால் சக்கரம் தனித்து உருளும். ‘பூட்டு’ நிலையில் வைத்தால் சக்கரமும் அச்சுத் தண்டும் ஒன்றாய்ச் சுழலும். இரு பக்கக் குடங்களையும் பூட்டுதல் இன்றியமையாதது. ஒன்றை மட்டும் பூட்டினால், டிபரன்ஷியல் தன் சுழற்சியைத் தடையற்ற பக்கத்துக்கே அளித்துவிடும். அப்பக்கத் தண்டு வெறுமனே சுழல, முன் சக்கரங்கள் இரண்டும் வண்டியை இழுக்கமாட்டா.

பாரம் வேறு, விசை வேறு

நம் மாட்டு வண்டியை நினைவிற் கொள்க. அதில் அச்சு அசையாது நிற்கிறது. குடம் அதனைச் சுற்றி உருள்கிறது. கடையாணி குடத்தைக் கழலாமல் காக்கிறது. ஜீப்பின் முன் சக்கரமும் இவ்வாறே அமைந்துள்ளது. ‘ஸ்பிண்டில்’ எனும் அச்சு தான் சுழலாதது. ஆனால் உள்ளே குழல்போல் துளையுடையது. அதன்மீது இரண்டு கூம்புருளை பேரிங்குகளின் துணையுடன் சக்கரக்குடம் உருள்கிறது. கடையாணியின் வேலையை இரண்டு பெரிய நட்டுகள் செய்கின்றன. ஸ்பிண்டிலின் துளை வழியாக வெளிவரும் மெல்லிய அச்சுத் தண்டு விசையை மட்டும் கொணர்கிறது.

எனவே வண்டியின் பாரத்தைத் தாங்குபவை பேரிங்குகள். பூட்டுக்குடம் விசையை மட்டும் மாற்றித் தருகிறது. இப்பாடத்தின் உயிர்நிலை இதுவே. பேரிங் சரியாக அமையாத சக்கரத்தின்மேல் எத்துணைப் புதிய பூட்டுக்குடத்தைப் பொருத்தினாலும், சக்கரத்தின் ஆட்டம் குடத்தின் பற்களையும் திருகாணிகளையும் நாளடைவில் சிதைத்துவிடும். குடம் கெட்டது எனக் கூறப்படுமிடத்து முதலில் பேரிங்கைச் சோதிக்க வேண்டும்.

பொருத்தும் முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க. முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தியபின் உறுதியான தாங்கிகளின்மேல் அமர்த்துக; ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்தல் ஆகாது. பழைய பிரேக் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அத்தூசியைக் காற்றால் ஊதாது, ஈரத்துணியால் துடைத்து நீக்குக.

2. பேரிங்குகளை மண்ணெண்ணெயிற் கழுவி நன்கு உலர்த்துக. உருளைகளில் நீலநிறமோ, குழிகளோ, செதில்களோ காணப்பட்டால் அவற்றை விலக்குக. உள் உருளைத் தொகுதியையும் அது உருளும் வெளிக் கிண்ணத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, உருளைகளின் இடைவெளிகளில் புகும்வரை அழுத்தி நிரப்புக.

3. உட்புறப் பேரிங்கை அமர்த்தி, புதிய எண்ணெய்த் தடுப்பு வளையத்தைப் பொருத்துக. குடத்தை ஸ்பிண்டிலின்மேல் நேராகச் செலுத்துக. சாய்த்தால் வளையத்தின் உதடு கிழியும். பின் வெளிப்புறப் பேரிங்கை இடுக.

4. பிரேக் பட்டைகள் உராயாதவாறு தளர்த்தியபின், உள் நட்டை இறுக்குக. இறுக்கும்போது சக்கரத்தை இடைவிடாது சுழற்ற வேண்டும்; அப்போதுதான் உருளைகள் தத்தம் இடத்தில் அமரும். பழைய வில்லீஸ் ஜீப்புகளில் சக்கரம் இறுகும்வரை முறுக்கி, பின் ஆறில் ஒரு சுற்றுத் தளர்த்துவது முறை. 1970-களின் ஸி.ஜே. வகைகளில் 50 அடி-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 68 நியூட்டன்-மீட்டர் முறுக்கி, அதேயளவு தளர்த்துவர். ஆறுபட்டை நட்டில் ஒரு பட்டையின் அளவே ஆறில் ஒரு சுற்றாகும். பிற வண்டிகளுக்கு அவற்றின் கையேட்டு அளவையே கொள்க.

5. பூட்டு வாஷரை இட்டு, வெளி நட்டை உரிய அளவுக்கு இறுக்குக. இங்கேதான் பலர் தவறுகின்றனர். வெளி நட்டு இறுகும்போது, புரிகளிடையே உள்ள சிறு தளர்வு நீங்கி, உள் நட்டும் சிறிது உள்ளே தள்ளப்படும். ஆகவே முன்பு சரியாயிருந்த சக்கரம் இப்போது இறுகியிருக்கலாம். மீண்டும் சோதித்து, வேண்டுமாயின் மறுபடி சரிசெய்து, அதன்பின்னரே வாஷரின் விளிம்பை நட்டின்மேல் மடிக்க வேண்டும். ஒருமுறை மடித்து நிமிர்த்திய விளிம்பை மீண்டும் நம்பலாகாது.

6. இனி, பூட்டுக்குடத்தின் உடலைப் புதிய கேஸ்கட்டுடன் சக்கரக்குடத்தில் பொருத்துக. அதன் உட்பகுதியை அச்சுத் தண்டின் வரிப்பற்களிற் செலுத்தி, தண்டின் முனையிலுள்ள காடியில் பிடிவளையத்தை இடுக. வளையம் காடியில் முற்றிலும் அமர்ந்ததா என்பதை விரலால் சுற்றிப் பார்த்து உறுதிசெய்க. பூட்டின் உறுப்புகளுக்கு மெல்லிய மசகுப் பூச்சே போதும். கிரீஸைத் திணித்தால் பற்கள் முழுவதும் பொருந்தாமல் பாதியில் நின்றுவிடும். குமிழை ‘விடு’ நிலையில் வைத்து மூடியைப் பொருத்தி, திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாய் இறுக்குக.

சோதனைகள்

சக்கரத்தின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் பற்றி, முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க. ஆட்டம் தெரிந்தால், உதவியாளர் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் செய்க. அப்போது ஆட்டம் மறைந்தால் குறை பேரிங்கில் உள்ளது. மறையாவிடின் அது திரும்பு முனையின் முளைகளில் உள்ளது.

அடுத்து, முன் சக்கரங்கள் இரண்டும் தரையினின்றும் உயர்ந்திருக்க, எஞ்சினை நிறுத்தி, நான்கு சக்கர இயக்கத்திலும் கியரிலும் வண்டியை வைத்து, இரு குடங்களையும் பூட்டுக. வலச் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றினால் இடச் சக்கரம் பின்னோக்கிச் சுழல வேண்டும். சுழலாவிடின் ஏதேனும் ஒரு குடம் பூட்டவில்லை. பின் இரண்டையும் விடுத்தால் ஒவ்வொரு சக்கரமும் தனித்து உருள வேண்டும்.

சுமார் 20 கிலோமீட்டர் ஓடியபின் குடங்களைத் தொட்டுப் பார்க்க. இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடு, பேரிங் இறுகியதன் அறிகுறியாயிருக்கலாம். பிரேக் உராய்வும் காரணமாகலாம். எதுவாயினும் அங்கேயே நிறுத்திக் காரணம் காண வேண்டும். பேரிங் இறுகினால் சூடேறும்; சூட்டால் உலோகம் விரிய, மேலும் இறுகும்; கிரீஸ் இளகி ஒழுகிவிடும். இச்சுழலின் முடிவு, உருகிய பேரிங்கும் கழன்ற சக்கரமுமே.

நான்கு சக்கர இயக்கத்தைச் சேற்றிலும் மணலிலும் மட்டும் பயன்படுத்துக. உலர்ந்த கெட்டியான சாலையில் முன் பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கி, உறுப்புகள் சேதமுறும்.

ஆசிரியர்களுக்கு

நட்டைத் தளர்த்தும் அளவை மாணவர்க்கு எளிய கணக்காகத் தரலாம். ஓர் அங்குலத்துக்கு 16 புரிகள் உள்ள ஸ்பிண்டிலில் நட்டு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் நகரும். ஆறில் ஒரு சுற்றுக்கு நகர்வது ஏறக்குறைய 0.26 மில்லிமீட்டர். வெளி நட்டை இறுக்கியபின் எஞ்சுவது இதனினும் குறைவு. தடித்த காகிதத்தின் கனமே உள்ள இவ்விடைவெளிதான் பாரமேற்றிய வண்டியின் சக்கரத்தைக் காக்கிறது.

வினாக்கள்

1. மாட்டு வண்டியின் கடையாணிக்கு இணையான உறுப்பு ஜீப்பின் முன் சக்கரத்தில் யாது?
2. ஒரு பக்கக் குடத்தை மட்டும் பூட்டினால் வண்டி சேற்றினின்றும் வெளிவராதது ஏன்?
3. வெளி நட்டை இறுக்கியபின் சக்கரத்தை மீண்டும் சோதிக்க வேண்டியதன் காரணம் யாது?
4. பூட்டுக்குடத்தினுள் கிரீஸைத் திணித்தல் ஏன் கூடாது?