பேறுகாலமும் குடும்பக் கடனும்

குடும்பத்திற்கு நேரும் பெருஞ்செலவுகளுள் நாள் குறித்து வருபவை மிகச் சில. நோயும் விபத்தும் வேலை இழப்பும் அறிவிப்பின்றி வருகின்றன. மகப்பேறோ ஏழெட்டு மாத அவகாசம் அளித்து வருகிறது. இருந்தும், ஏழைக் குடும்பங்கள் பல, எதிர்பாராத இடரைச் சந்திப்பது போலவே, கடைசி வாரத்தில் கடன் வாங்கி இச்செலவை ஈடு செய்கின்றன. முன்பே உள்ள கடனின் வட்டி, அந்த அவகாசத்தை விழுங்கிவிடுவதே இதற்குக் காரணமாகும். ஆகவே, பழைய கடனை அடைப்பதும் புதிய குழந்தைக்காக ஆயத்தமாவதும் இரு வேறு பணிகள் அல்ல. ஒரே திட்டத்தின் இரு பகுதிகள். கொல்கத்தா நகரின் உழைக்கும் குடும்பங்களைக் கொண்டு இதனை ஆராயலாம்.

கடனின் வகைகள்

2019ஆம் ஆண்டின் அகில இந்தியக் கடன் மற்றும் முதலீட்டு ஆய்வின்படி, நகர்ப்புறக் குடும்பங்களுள் 22.4 விழுக்காடு கடன்பட்டவை. கொல்கத்தாவில் இக்கடன் பல வாயில்களின் வழியே வருகிறது. தெருமுனை மளிகைக் கடையின் பற்று, உறவினரிடம் பெற்ற கைமாற்று, நகை அடகு, மகாஜன் எனப்படும் வட்டிக்காரரின் கடன், குறுங்கடன் நிறுவனத்தின் தவணைக் கடன் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

வட்டித் தொழிலைக் கட்டுப்படுத்தும் முயற்சி இங்குப் புதிதன்று. வட்டிக்கு உச்சவரம்பு விதித்த வங்காள வட்டிக்காரர் சட்டம் 1940ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. பின்னாளில் குறுங்கடன் இயக்கம் வேரூன்றியதும் இப்பகுதியில்தான். 2001இல் தொடங்கப்பட்ட பந்தன் அமைப்பு, 2015இல் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட வங்கியாக உயர்ந்தது. எனினும் ஒரு கடனின் தவணையைக் கட்ட மற்றொரு கடன் வாங்கும் பழக்கம் மறைந்துவிடவில்லை. ஆகவே 2022ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி நெறிமுறைகள், ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகாதவாறு குறுங்கடன் வழங்கப்பட வேண்டும் என விதித்தன. குறுங்கடனைத் தவணைக்கு முன்பே அடைப்போரிடம் அபராதம் பெறலாகாது என்பதும் அவற்றுள் அடங்கும்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது?

கணவர் மெட்டியாபுருஸ் பகுதியில் தையல் தொழிலாளி. மனைவி வீட்டு வேலை செய்பவர். குழந்தை பிறக்க ஏழு மாதம் உள்ளது. மாதச் செலவும் குறுங்கடன் தவணையும் போக ரூ.2,500 மிஞ்சுகிறது. வட்டிக்காரரிடம் ரூ.10,000 கடன் உள்ளது. வட்டி மாதம் நூற்றுக்கு 5 ரூபாய். மளிகைக் கடையிலும் சிறிது பற்று உண்டு. இத்தகைய ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பெரும்பாலும் நடப்பது யாதெனில், மாதம் ரூ.500 வட்டியை மட்டும் கட்டிவிட்டு எஞ்சிய ரூ.2,000ஐக் கையில் சேர்ப்பதாகும். ஏழு மாத முடிவில் கையில் ரூ.14,000 இருக்கும், ஆனால் அசல் ரூ.10,000 அப்படியே நிற்கும். வட்டியாகப் போனது ரூ.3,500. நிகர மிச்சம் ரூ.4,000 மட்டுமே.

மாறாக, மாதம் ரூ.500ஐப் பேறுகால நிதியாக ஒதுக்கிவிட்டு, ரூ.2,000ஐ வட்டிக்கும் அசலுக்குமாகச் செலுத்தினால், ஆறாம் மாதத்தில் கடன் முற்றிலும் தீர்கிறது. மொத்த வட்டி ஏறத்தாழ ரூ.1,800. ஏழாம் மாத மிச்சத்தையும் சேர்த்தால் கையில் சுமார் ரூ.5,700 இருக்கும். வேறுபாடு ரூ.1,700தான் என்று எண்ணலாகாது. குழந்தை பிறந்தபின் மனைவியின் வருமானம் நின்றுவிடும் மாதங்களில், வட்டி என்னும் சுமை இல்லாதிருப்பதே இதன் உண்மையான பயன்.

இதிலிருந்து மூன்று விதிகள் பெறப்படுகின்றன. முதலாவது, தொகை பெரிதாக உள்ள கடனை அன்று, வட்டி மிகுந்த கடனை முதலில் அடைக்க வேண்டும். வட்டியில்லாக் கைமாற்றும் கடைப்பற்றும், தந்தவரிடம் தவணை கேட்டுக் காத்திருக்கக் கூடியவை. இரண்டாவது, கடனை அடைக்கும் ஆர்வத்தில் கையிருப்பு முழுவதையும் செலவழித்துவிடலாகாது. அவ்வாறு செய்வோர் பேற்றின்போது அதே வட்டிக்காரரின் வாயிலில் மீண்டும் நிற்க நேரும். மூன்றாவது, அசலைப் பகுதி பகுதியாகப் பெற்றுக்கொள்ள வட்டிக்காரர் இசைகிறாரா என்பதை முதலிலேயே உறுதி செய்து, ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டுப் பெற வேண்டும்.

தையல் தொழிலில் ஈத், துர்கா பூஜை ஆகிய பண்டிகைகளுக்கு முந்திய மாதங்களில் வேலை மிகும், பின்னர் குறையும். வீட்டுப் பணியாளர் பலருக்குப் பூஜைக் காலத்தில் போனஸ் கிடைக்கிறது. இவ்வாறு வரும் கூடுதல் பணத்தை வட்டி மிகுந்த கடனுக்கெனக் குறித்து வைப்பது நன்று.

தாயின் உணவு மிச்சமாகாது

தவணை நாள் நெருங்கும்போது குடும்பம் முதலில் கை வைப்பது உணவில். அதிலும் பெண்ணின் உணவில். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மேற்கு வங்கத்தில் கருவுற்ற பெண்கள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு இரத்த சோகை இருந்தது. மீன், முட்டை, பருப்பு, கீரை ஆகியவற்றைக் குறைத்துச் செலுத்தும் தவணை, பின்னர் மருத்துவச் செலவாகத் திரும்பி வரும். எனவே மேற்கூறிய ரூ.2,500 என்பது தாயின் உணவுச் செலவு போக எஞ்சியதாகவே இருத்தல் வேண்டும்.

உரிமைகளை அறிதல்

புதிய கடனைத் தவிர்க்கும் சிறந்த வழி, பேற்றுக்குரிய இடத்தை முன்பே தீர்மானிப்பதாகும். 1835இல் நிறுவப்பட்ட கொல்கத்தா மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, 1926இல் தொடங்கிய சித்தரஞ்சன் சேவா சதன் போன்ற அரசு நிலையங்கள் இந்நகரில் உள்ளன. 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, அரசு மருத்துவமனையில் பேறு, அறுவை சிகிச்சை, மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு, போக்குவரத்து ஆகியவற்றிற்குக் கட்டணம் இல்லை. மேலே கண்ட தேசிய ஆய்வில், மேற்கு வங்கத்தின் தனியார் மருத்துவ நிலையங்களில் நடந்த பேறுகளுள் 82.7 விழுக்காடு அறுவை சிகிச்சையாக இருந்தன. அரசு நிலையங்களில் இது 22.9 விழுக்காடே. கடைசி நேரத்தில் தனியார் நிலையத்தை நாடும் குடும்பம் எத்தகைய செலவுக்கு ஆயத்தமாக வேண்டும் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

2017இல் தொடங்கிய பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டம், தகுதியுள்ள தாயின் முதற் குழந்தைக்கு ரூ.5,000 தவணைகளாக வழங்க வகை செய்கிறது. ஆயினும் இத்தொகை பதிவு, பரிசோதனை, தடுப்பூசி ஆகிய நிபந்தனைகள் நிறைவேறிய பின்னரே வருவதால், பேற்று நாளுக்கான கையிருப்பாக இதனைக் கணக்கிடலாகாது. வந்தபின் உணவுக்கும் எஞ்சிய கடனுக்கும் பயன்படுத்தலாம். நிறுவனங்களில் பணிபுரியும் தகுதியுள்ள பெண்களுக்கு, 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஊதியத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. வீட்டுப் பணியாளரோ பெரும்பாலும் இப்பாதுகாப்பிற்கு வெளியே உள்ளனர். அவர்களுக்குச் சேமிப்பு ஒன்றே விடுப்பு ஊதியமாகிறது.

சடங்கும் சிக்கனமும்

நமது வளைகாப்பைப் போன்று வங்காளத்தில் ‘சாத்’ என்னும் விருந்தும், குழந்தைக்கு முதற்சோறு ஊட்டும் அன்னப்பிராசனமும் உண்டு. இவற்றுக்காகக் கடன் வாங்குவதைத் தவிர்த்தல் நலம். பழைய சேலைகளை அடுக்கித் தைத்த ‘காந்தா’ விரிப்பில் பச்சிளங் குழந்தையைக் கிடத்தும் வழக்கமும் அதே மண்ணில் உள்ளது. மென்மையும் சிக்கனமும் ஒருங்கே அமைந்த இம்மரபு பின்பற்றத்தக்கது.

நிர்வாகத்தின் பணி

கருவுற்ற பெண்ணைப் பதிவு செய்யும் சுகாதாரப் பணியாளர் அவளது எடையையும் இரத்த அழுத்தத்தையும் அறிவார். வீட்டின் கடனை அறியார். தவணை பெற வரும் கடன் அலுவலர் பாக்கியை அறிவார். பேற்று நாளை அறியார். முதற் பதிவின்போதே கடன் நிலையை ஆராய்ந்து, கிடைக்கக்கூடிய உதவிகளை எடுத்துரைப்பதும், பேறு நிகழும் மாதங்களில் தவணையை ஒத்திவைக்க வழி காண்பதும் பெரும் பொருட்செலவின்றிச் செய்யக்கூடியவை. ஏழு மாத அவகாசம் ஏழைக்கும் உண்டு. அது வட்டியில் கரையாது காப்பது குடும்பத்தின் பொறுப்பு மட்டுமன்று, நிர்வாகத்தின் கடமையும் ஆகும்.