புதுச் சொல்லில் ஒரு பெயர்

கேள்வி: எதிரே வரும் முகமறியாதவரின் வாழ்க்கையும் நம்முடையதைப் போலவே ஆழமானது என்று உணர்வதைக் குறிக்கும் 'சாண்டர்' என்ற புதுச் சொல்லை மகளுக்குப் பெயராக வைக்கலாமா? – வாசகி, திருவண்ணாமலை

பதில்: சொல் புதியது என்பது குறையே அல்ல. 1916-இல் வேதாசலம் மறைமலை அடிகள் ஆனபோது அந்தப் பெயரும் புதிதுதான். ஆனால் மறையும் மலையும் கேட்டவுடன் விளங்கின. ஜான் கோனிக் 2012-இல் உருவாக்கிய சாண்டருக்கு இங்கே அந்த வேர் இல்லை. பௌர்ணமி இரவில் முன்பின் தெரியாதவர்களோடு 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் ஊருக்கு அந்த உணர்வு நன்றாகவே தெரியும், சொல்தான் ஒட்டவில்லை. 'விளக்கினால் புரிந்துவிடுமே' என்பீர்கள். பள்ளி வருகைப் பதிவேடு முதல் ரேஷன் கார்டு வரை, சாண்டரா சோண்டரா என்று விளக்கப்போவது நீங்கள் அல்ல, அந்தக் குழந்தை. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றான 'உவகை'யைப் பாருங்கள்: அதிகம் பேர் வைக்காத பெயர், வாசலில் நின்று கூப்பிடவும் இனிமையானது. அவசரமும் வேண்டாம். பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம்.