பிராங்கன்ஸ்டைன் படிக்கப் போகிறவர்களுக்கு

பனவடலிசத்திரத்தில் காலையில் பஸ் ஏறி, சங்கரன்கோவிலுக்கோ தேவர்குளம், மானூர் வழியாகத் திருநெல்வேலிக்கோ போய் ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகளுக்காக இது. மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ பாடமாக வந்தால் பலர் முதல் பத்துப் பக்கத்திலேயே மூடிவிடுவார்கள். பேய்க்கதை என்று நம்பி எடுத்தால், யாரோ ஒருவன் கப்பலில் உட்கார்ந்து அக்காவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பான். எரிச்சல் வரத்தான் செய்யும்.

செய்ய வேண்டியவை

நான்கு கடிதங்களையும் விடாமல் படியுங்கள். எழுதுகிறவன் ராபர்ட் வால்டன். வடதுருவத்தைப் பார்த்துப் பேர் வாங்க வேண்டும் என்ற வெறி அவனுக்கு. நாலாவது கடிதத்தில் கப்பல் பனியில் சிக்குகிறது. சாகக் கிடக்கிற விக்டர் பிராங்கன்ஸ்டைனைத் தூக்கிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். வால்டனுக்கும் தன் கிறுக்குதான் என்று கண்டுகொண்ட பிறகே விக்டர் கதையைத் தொடங்குகிறான். கடிதங்களைத் தாண்டிப் போனால், கதை யாருக்கு எச்சரிக்கை என்பதே தெரியாது.

யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள். விக்டர் உயிர் கொடுத்துப் படைத்தவன் விக்டரிடம், விக்டர் வால்டனிடம், வால்டன் அக்காவிடம். பிணத்தில் புகுந்த வேதாளமே கதை சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் இங்கே ஒவ்வொருவனும் தன் பக்க நியாயத்தைச் சொல்கிறான். விக்டர் தன்னைப் பற்றிச் சொல்வதைப் பாதிதான் நம்பலாம்.

கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 1818 ஜனவரியில் ஆசிரியர் பெயரில்லாமல் மூன்று பாகங்களாக வந்தது ஒன்று. மேரி திருத்தி 1831இல் வந்தது மற்றொன்று. முதலாவதில் எலிசபெத் விக்டரின் அத்தை மகள், நம் கணக்கில் முறைப்பெண். இரண்டாவதில் உறவில்லாத, எடுத்து வளர்த்த பிள்ளை. விக்டர் படைத்தவனுக்கு உயிர் வருகிற நவம்பர் இரவு 1831 பதிப்பில் ஐந்தாம் அத்தியாயம். 1818இல் முதல் பாகத்தின் நான்காம் அத்தியாயம். அத்தியாய எண்ணை எழுதும்போது பதிப்பையும் சேர்த்து எழுதுங்கள்.

எழுதியவரின் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது; அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடை என்பதே இல்லாமல் போனது. மேரியும் நண்பர்களும் ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு அடைந்து கிடந்தபோது, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். மேரிக்கு அப்போது 18 வயது. அவரைப் பெற்ற சில நாட்களிலேயே தாய் இறந்தார். மேரியின் முதல் குழந்தையும் 1815இல் இறந்தது. பிறப்பும் பிணமும் ஒரே அறையில் கிடக்கிற கதை இவரிடமிருந்து வந்ததில் ஆச்சரியமில்லை. 1803இல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடம்பில் ஆல்தீனி என்ற விஞ்ஞானி மின்சாரம் பாய்ச்சிக் காட்டியதும் ஊரறிந்த செய்தி.

தமிழில் ஒருமுறை படித்துவிடுங்கள். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்த புதுமைப்பித்தன் இதைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழில் தந்திருக்கிறார். பரீட்சைக்கு மூலம்தான் வேண்டும், ஆனால் பயம் விட்டுப்போக இது உதவும்.

செய்யக்கூடாதவை

சினிமாவை நம்பாதீர்கள். கழுத்தில் போல்ட்டும் தட்டைத் தலையும் 1931 படத்தில் போரிஸ் கார்லோஃப் போட்ட வேஷம். நாவலில் விக்டர் படைத்தவனுக்கு எட்டடி உயரம், மஞ்சள் தோல், கருகருவென்ற முடி, முத்துப் பற்கள். எப்படி உயிர் வந்தது என்பதை விக்டர் விவரமாகச் சொல்வதே இல்லை. பிராங்கன்ஸ்டைன் என்பது செய்தவனின் பெயர். செய்யப்பட்டவனுக்குப் பெயர் கிடையாது.

சுடலைமாடன் மாதிரி என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். ஒப்பிடலாம், ஒப்பிடத்தான் வேண்டும், ஆனால் முழுசாக. வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீர்கள்: விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை மயானத்துப் பிணத்தைத் தின்கிறது, கயிலாயத்தில் வைத்துக்கொள்ள முடியாமல் பூமிக்கு அனுப்புகிறார்கள். இதுவரைக்கும் இரண்டும் ஒட்டி வரும். ஆனால் சுடலை வரம் வாங்கிக்கொண்டு இறங்குகிறார். பேர் உண்டு, பீடம் உண்டு, கொடை உண்டு. பயப்பட வைக்கிறவரையே ஊருக்குக் காவலாக்கிக்கொண்டது நம் பக்கம். விக்டர் தன் கையால் செய்த பிள்ளைக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

‘அறிவியல் ஆபத்தானது’ என்று எஸ்ஸேயை முடிக்காதீர்கள். கைடுகள் எல்லாம் அதையே சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த நவம்பர் இரவை மறுபடி படியுங்கள். அவன் கண்ணைத் திறந்ததும் விக்டர் ஓடிப்போய்ப் படுத்துவிடுகிறான். கட்டில் திரையை விலக்கி, எதையோ முனகி, சிரிப்புப் போல வாயைக் கோணி, கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது அந்த உருவம். பிறந்த குழந்தை செய்வது அவ்வளவும். விக்டர் மறுபடியும் ஓடுகிறான். மறுநாள் நண்பன் கிளெர்வலோடு திரும்பி வந்து, அறை காலியாக இருப்பதைப் பார்த்ததும் சந்தோஷத்தில் கைதட்டுகிறான். எங்கே போனான், என்ன தின்பான், குளிருக்கு என்ன செய்வான் என்று ஒரு கேள்வி இல்லை. படைத்தது குற்றமில்லை, கைவிட்டதுதான் குற்றம்; பின்னால் விழுகிற கொலைகள் எல்லாம் இந்தக் கைதட்டலிலிருந்து வருகின்றன. வேறு மாதிரி தோன்றினால் அப்படியே எழுதுங்கள், நாவலிலிருந்து ஆதாரம் காட்டினால் போதும்.

கைடுக்குச் செலவு செய்யாதீர்கள். இரண்டு ஆங்கிலப் பதிப்புகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்தக் காசில் ‘காஞ்சனை’ என்ற பேய்க்கதை இருக்கிற புதுமைப்பித்தன் தொகுப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.