ஆலயப் பஜனையில் கீபோட்: ஒலிகளைத் தெரிதலும் சேமித்தலும்

பண்ணோடு பாடி இறைவனை வழிபடுவது சைவ மக்களின் தொன்றுதொட்ட மரபாகும். அப்பாடலுக்குத் துணைநிற்கும் கருவிகள் மட்டும் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளன. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த ஆர்மோனியம் பின்னர் எமது பஜனைகளிலும் இடம்பிடித்தது. இன்று பல ஆலயங்களில் அதன் அருகே, சில இடங்களில் அதற்குப் பதிலாகவே, இலத்திரனியல் இசைப்பலகை வைக்கப்படுகின்றது. இதனையே நாம் கீபோட் என்றும் ஓர்கன் என்றும் அழைக்கின்றோம்.

கருவியை உபயமாகப் பெற்றுவிடலாம். அதனை வழிபாட்டுக்குப் பயன்படுமாறு ஒழுங்கு செய்வதே கடினம். நூற்றுக்கணக்கான ஒலிகள் அதில் உள்ளன. ஓதுபவர் காத்துநிற்க, வாசிப்பவர் இலக்கங்களைத் தேடிக்கொண்டிருப்பதைப் பல இடங்களிலும் காணலாம். வழமையாக வாசிக்கும் பிள்ளை மேற்படிப்புக்கோ வெளிநாட்டுக்கோ சென்றுவிட்டால், அவர் மனத்தில் வைத்திருந்த இலக்கங்களும் அவருடன் சென்றுவிடும். பிறகு கருவி துணிபோட்டு மூடப்பட்டு ஒரு மூலையில் இருக்கும். இந்நிலையைத் தவிர்க்கும் வழி கருவியினுள்ளேயே உண்டு. அதுவே ஒலிகளை நினைவகத்தில் சேமிக்கும் வசதியாகும்.

ஒலிக்கு நினைவகம் வந்த வரலாறு

ஆரம்பகால இலத்திரனியல் இசைக்கருவிகள் பலவற்றில் ஓர் ஒலியைத் திருகுகளைத் திருப்பியே உருவாக்க வேண்டியிருந்தது. அதே ஒலி மறுநாளும் வேண்டுமானால் ஒவ்வொரு திருகும் நின்ற இடத்தைத் தாளில் குறித்து வைக்க வேண்டும். 1978ஆம் ஆண்டு அமெரிக்கரான டேவ் சிமித் வெளியிட்ட 'புரொபெற்-5' என்ற கருவி 40 ஒலிகளைத் தன்னுள் சேமித்து, ஒரு பொத்தானை அழுத்தியதும் திரும்பத் தந்தது. இவரும் ஜப்பானின் றோலன்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இக்குதாரோ ககேஹாஷியும் முன்னின்று முயன்றதன் பயனாக, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் 'மிடி' முறை 1983இல் நடைமுறைக்கு வந்தது. 1991இல் 'ஜெனரல் மிடி' என்ற பொது ஒழுங்கு 128 ஒலிகளுக்கு நிலையான இலக்கங்களை வகுத்தது.

ஒலியைத் தெரிதல்

யமஹா கருவிகளில் 'வொய்ஸ்' என்றும் கசியோ கருவிகளில் 'ரோன்' என்றும் எழுதப்பட்ட பொத்தானை அழுத்தி, இலக்கத்தை இட்டால் ஒலி மாறும். ஒவ்வொரு நிறுவனமும் தனது பட்டியலைத் தன் விருப்பப்படி அமைத்துள்ளது. ஆகவே கருவியுடன் வந்த கையேட்டில் உள்ள பட்டியலையே பார்க்க வேண்டும். ஜெனரல் மிடி ஒழுங்கில் எமக்குப் பயன்படக்கூடிய சில ஒலிகள் வருமாறு:

21 – றீட் ஓர்கன் (ஆர்மோனியத்துக்கு நெருங்கியது)
41 – வயலின்
49 – பல வயலின்கள் சேர்ந்த குழு ஒலி
74 – புல்லாங்குழல்
105 – சித்தார்
112 – செனாய்

நூறு ஒலி இருக்கின்றதே என்று நூறையும் பயன்படுத்தத் தேவையில்லை. ஆலயத்தில் முதன்மை பெறுவது பாடலின் சொல். சொல்லை மறைக்காத ஒலியே நல்ல ஒலி. ஆர்மோனியம் போன்ற ஒலி பாடுபவரின் குரலைத் தாங்கி நிற்கும். குழு வயலின் ஒலியை மெதுவாகப் பின்னணியில் வைக்கலாம். குழலும் செனாயும் பாடலின் இடைவெளிகளுக்கு உரியவை. குரலோடு சேர்ந்து வாசித்தால் குரலை அமுக்கிவிடும்.

ஒலியைத் தெரியும்போது வீட்டில் தனியாகக் கேட்டு முடிவு செய்யக்கூடாது. ஆலய மண்டபத்தில், ஒலிபெருக்கியுடன் இணைத்து, ஒருவரைப் பாடச்செய்து கேட்க வேண்டும். மண்டபத்துக்கு இயல்பாகவே எதிரொலி உண்டு. அதன்மேல் கருவியின் 'றிவேர்ப்' எதிரொலியும் சேர்ந்தால் சொற்கள் தெளிவிழக்கும். எனவே அதனைக் குறைத்து வைத்தல் நன்று.

ஒலியுடன் சேர்த்து அமைக்க வேண்டியவை

முதலாவது சுருதி. 1 கட்டை என்பது கீபோட்டின் 'சி' ஆகும். ஆண்கள் பெரும்பாலும் 1 அல்லது 1½ கட்டையிலும், பெண்கள் 5 அல்லது 5½ கட்டையிலும் பாடுவர். 1 கட்டையில் மட்டும் வாசிக்கப் பழகிய மாணவர் 'ரான்ஸ்போஸ்' வசதியால் சுருதியை மாற்றலாம். அதன் ஒவ்வொரு எண்ணும் ஓர் அரைச் சுரம். 1½ கட்டைக்கு +1, 2 கட்டைக்கு +2, 5 கட்டைக்கு –5 என வைத்தால், விரல்கள் 1 கட்டையில் நடக்க, ஒலி வேண்டிய சுருதியில் வரும். பிள்ளைகள் கருவிக்காகத் தொண்டையை வருத்திப் பாடக்கூடாது. கருவியே பிள்ளைகளின் சுருதிக்கு வரவேண்டும்.

இரண்டாவது தாளம். கருவியில் உள்ள 'ஸ்ரைல்'கள் பெரும்பாலும் நான்கு அல்லது மூன்று எண்ணிக்கைக்குரியவை. ஐந்தெண்ணிக்கைக் கண்டமும் ஏழெண்ணிக்கை மிசிரமும் வரும் திருப்புகழ்ச் சந்தங்களுக்கு அவை பொருந்தா. விருத்தமாகப் பாடும்போது தாளமே வேண்டியதில்லை. இடக்கையால் தானாக எழும் கோட் இசையும் பண்ணின் போக்கோடு முரண்படும். ஆதலால் பஞ்சபுராணத்துக்கு இவற்றை முற்றாக நிறுத்தி விடுக. பஜனைக்கும் மிருதங்கமோ டோலக்கோ இருந்தால் தாளத்தை அவர்களிடமே விடுதல் முறை.

மூன்றாவது விரல் அழுத்தம். 'ரச்' வசதி இயங்கும்போது மெதுவாகத் தொட்டால் மெல்லிய ஒலியும், ஓங்கித் தொட்டால் பெரிய ஒலியும் வரும். ஆர்மோனிய ஒலிக்கு இதனை நிறுத்தி வைத்தால், பழகும் பிள்ளைகள் வாசித்தாலும் ஒலி ஒரு சீராக இருக்கும்.

சேமிக்கும் முறை

ஒலி, சுருதி, தாளம், வேகம் ஆகியவற்றை மொத்தமாக ஒரு பொத்தானில் வைப்பதே 'றெஜிஸ்ரேஷன் மெமரி'. உதாரணமாக, யமஹா பிஎஸ்ஆர்-ஈ463 கருவியில் 8 'பாங்க்'குகளும் ஒவ்வொன்றிலும் 4 இடங்களுமாக 32 அமைப்புகளைச் சேமிக்கலாம். பொதுவான படிகள் இவை:

1. ஒலி, சுருதி, தாளம், எதிரொலி யாவற்றையும் விரும்பியபடி அமைத்து, ஒருமுறை வாசித்துப் பார்க்கவும்.
2. பாங்க் இலக்கத்தைத் தெரியவும்.
3. 'மெமரி' பொத்தானை (கசியோவில் 'ஸ்ரோர்') அழுத்திப் பிடித்தபடி, வேண்டிய இட இலக்கத்தை அழுத்தவும்.
4. வேறோர் ஒலிக்கு மாறி, மீண்டும் அந்த இலக்கத்தை மட்டும் அழுத்தவும். முன்னர் அமைத்தது அப்படியே வந்தால் சேமிப்பு சரி.
5. கருவியை நிறுத்தி, மீண்டும் இயக்கி, இன்னொரு முறை சோதிக்கவும்.

ஐந்தாவது படியைப் பலர் விட்டுவிடுகின்றனர். மின் நின்ற பின்பும் அமைப்பு நிலைத்திருக்கின்றதா என்பதை அப்படிதான் காட்டும். மின்தடை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2022ஆம் ஆண்டு நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு இருந்ததை யாவரும் அறிவோம். திருவிழாக் கூட்டத்தின் நடுவே மின் போய் வந்தாலும், சேமித்த கருவி ஒரு பொத்தானில் மீண்டும் ஆயத்தமாகிவிடும்.

ஆலயத்துக்கு ஏற்ற ஒழுங்கு

முதலாம் பாங்கை வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனைக்கு ஒதுக்கலாம். அதில் 1ஆவது இடம் பஞ்சபுராணம்: ஆர்மோனிய ஒலி, தாளம் இல்லை. 2ஆவது ஆண்கள் பாடும் பஜனை. 3ஆவது பெண்கள் பாடும் பஜனை, அவர்களுடைய சுருதியில். 4ஆவது அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு. இரண்டாம் பாங்கைத் திருவெம்பாவைக்கும், மூன்றாம் பாங்கை நவராத்திரிக்கும் வைக்கலாம். எந்தப் பொத்தானில் எது என்பது ஆண்டு முழுவதும் மாறாதிருந்தால், புதிதாக வருபவரும் ஒரே நாளில் பழகிக்கொள்வார்.

கவனிக்க வேண்டியவை

ஓர் இடத்தில் புதியதைச் சேமித்தால் அங்கிருந்த பழையது அழிந்துவிடும். பல கருவிகள் இதனைக் கேட்டு உறுதிசெய்வதில்லை.

சேமித்த இடத்தை அழுத்தும்போது சுருதியும் சேர்ந்தே மாறும். ஆகையால் பாடல் நடுவே ஒலியை மாற்ற விரும்பினால், ஒரே சுருதியுள்ள இடங்களுக்கிடையே மட்டும் மாற வேண்டும். இல்லையேல் பாடுபவர் தடுமாறிப் போவார். பெரிய கருவிகள் சிலவற்றில் தெரிந்தெடுத்த அமைப்புகளை மாறாமல் நிறுத்தும் 'ஃப்ரீஸ்' பொத்தான் உண்டு.

சேமித்துக்கொண்டிருக்கும் வேளையில் மின்னை நிறுத்தக்கூடாது. யமஹாவின் சில மாதிரிகளில் வலப்பக்கக் கடைசி வெள்ளைக் கட்டையை அழுத்தியபடி கருவியை இயக்கினால் சேமித்தவை யாவும் அழிந்து, தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். சிறுபிள்ளைகள் கட்டைகளில் கை வைத்திருக்கும்போது ஆளியைப் போடாதிருப்பது நலம். யூஎஸ்பி வசதி இருப்பின், பெரிய திருவிழாவுக்கு முன் ஒரு பிரதி எடுத்து வைக்கலாம்.

கொப்பியும் வேண்டும்

கருவி ஒருநாள் பழுதடையலாம். வேறொரு கருவியும் வரலாம். அப்போது நினைவகம் உதவாது, எழுத்து உதவும். ஆலயத்தில் ஒரு கொப்பியை வைத்து, பாங்க், இடம், ஒலியின் பெயரும் இலக்கமும், சுருதி, தாளம், வேகம், யாருடைய பாடலுக்கு என்பவற்றை நிரல்களாக எழுதி வைக்க வேண்டும். ஒலியின் பெயரையும் எழுதுவது அவசியம். ஏனெனில் வேறு கருவியில் இலக்கம் மாறினாலும் பெயரைக் கொண்டு நெருங்கிய ஒலியைத் தேடிக்கொள்ளலாம்.

அத்துடன் குறைந்தது இரண்டு பிள்ளைகளுக்காவது இம்முறையைப் பழக்கி வைத்தல் வேண்டும். ஒருவர் கற்று ஊரைவிட்டுப் போவது இயல்பு. அதில் குறைசொல்ல ஏதுமில்லை. அவர் போகும்போது ஆலயத்தின் இசை ஒழுங்கும் போகாமல் பார்த்துக்கொள்வது இருப்பவர்களின் கடமை. வரும் வெள்ளிக்கிழமை பூசைக்கு அரைமணி நேரம் முன்னதாகச் சென்று, முதலாம் பாங்கின் நான்கு இடங்களையும் அமைத்து, கொப்பியின் முதற் பக்கத்தை எழுதித் தொடங்குவோமாக.