வீட்டுக்கு மரம் தறிப்பதற்கு முன்

காணிக்குத் திரும்பியதும் கண்ணில் முதலில் படுவது மரங்கள்தான். கூரை இல்லை, கதவில்லை, கிணறு தூர்ந்து கிடக்கிறது. ஆனால் நீங்கள் விட்டுப்போனபோது முழங்கால் உயரத்தில் நின்ற வேம்பு இன்று நிலைக்கும் வளைக்கும் போதுமான பருமனில் நிற்கிறது. வீட்டுத்திட்டப் பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும். மரக்காலையில் விலை கேட்டால் தலை சுற்றும். கோடரியை எடுக்கத் தோன்றுவது இயல்பு. எடுங்கள், ஆனால் கிராம அலுவலரைக் கண்ட பிறகு எடுங்கள்.

நாங்கள் போய்வரும் ஒரு கிராமத்தில் ஒரு குடும்பம் தன் சொந்த உறுதிக் காணியில் நின்ற முதிரை மரமொன்றைத் தறித்து, அயல்வீட்டாரின் உழவு இயந்திரப் பெட்டியில் மரக்காலைக்கு ஏற்றியது. காணி அவர்களுடையது, மரமும் அவர்களுடையது. கையில் கடிதம் மட்டும் இல்லை. வழியில் மறித்தார்கள். மரம் போனது. உழவு இயந்திரம் வழக்கு முடியும்வரை நீதிமன்ற வளவில் வெயிலிலும் மழையிலும் நின்றது. அந்த அயலவர் விதைப்புக்கு வேறு இயந்திரம் வாடகைக்குப் பிடிக்க வேண்டியதாயிற்று. இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சில்லை. வனச் சட்டத்தின் கீழ் குற்றம் உறுதியானால் மரத்தோடு, அதை ஏற்றிய வாகனமும் தறித்த ஆயுதங்களும் அரசுடைமையாகலாம் என்பது அந்த இரு குடும்பத்துக்கும் முன்னர் தெரிந்திருக்கவில்லை.

இதில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று: தறிப்பது வேறு, ஏற்றிச் செல்வது வேறு. உங்கள் வளவுக்குள் தறித்து வளவுக்குள்ளேயே பாவிக்கும் மரத்துக்கு ஒரு நடைமுறை. அதே மரம் உங்கள் படலையைத் தாண்டி வீதிக்கு வந்தால், அதற்குத் தனியாகப் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வேண்டும். மரக்காலைக்கு அரியக் கொண்டுபோவதும் ஏற்றிச் செல்வதுதான். எந்த மரம், எத்தனை குற்றி, எந்த வாகனம், எங்கிருந்து எங்கே என்று அதில் எழுதியிருக்கும். எழுதியதற்கு மேலாக ஒரு குற்றியேனும் ஏற்ற வேண்டாம். அனுமதிப்பத்திரத்தை உறவினருக்கோ சிநேகிதருக்கோ இரவல் கொடுக்கவும் வேண்டாம்.

சொந்தக் காணியில் நின்றாலும் சில மரங்களை அனுமதியின்றித் தறிக்க முடியாது. பலா, ஈரப்பலா, பனை ஆகியவை அவற்றில் முக்கியமானவை. பலாவுக்கான கட்டுப்பாடு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. பஞ்ச காலத்தில் வயிற்றை நிரப்பும் மரம் என்பதால் வந்த சட்டம் அது. இடம்பெயர்ந்து இருந்த நாட்களில் பலாக்காயையும் ஒடியல் கூழையும் நம்பி இருந்தவர்களுக்கு அதன் நியாயத்தை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

பனையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வேம்பைத் தறித்தால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். பூவரசும் கிளுவையும் அப்படியே. பனைக்கு உயிர் குருத்தில் மட்டும்தான். தறித்த பனை திரும்ப வராது. நட்ட விதை பாளை விடுவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் செல்லும். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் தறிபட்ட பனைகளை நினைத்துப் பாருங்கள். அந்த இடைவெளி இன்னும் நிரம்பவில்லை. சிலாகைக்காக இளம் பனையைத் தறிப்பது நட்டம்: வைரம் ஏறாத பனை விரைவில் உளுத்துவிடும். வயது சென்ற, காய்ப்புக் குறைந்த மரத்தைத் தெரிவுசெய்யுங்கள். ஊரில் பனைத்தொழில் செய்யும் பெரியவர் ஒருவர் இருந்தால் அவரைக் கூட்டிச்சென்று காட்டுங்கள். எங்கள் உத்தியோகத்தர்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

செல் விழுந்து தலை அறுந்த பனைகள் பல வளவுகளில் அப்படியே நிற்கின்றன. செத்த மரம்தானே, அதைத் தறித்தால் என்ன என்று கேட்கிறார்கள். கேள்வி சரி. ஆனால் அதற்கும் அனுமதி எடுங்கள், வேறு இரண்டு விடயங்களையும் பாருங்கள். முதலாவது, மழைத் தண்ணீர் மேலிருந்து இறங்கி உள்ளே உக்கியிருக்கலாம். தட்டிப் பார்த்தால் ஓசையில் தெரியும். இரண்டாவது, இரும்புத் துண்டுகள். சண்டை நடந்த இடங்களில் நின்ற மரங்களின் தண்டுக்குள் செல் துண்டும் சன்னமும் புதைந்திருக்கும், பட்டை வளர்ந்து மூடியிருக்கும். இயந்திர வாள் அதில் பட்டால் பல் தெறிக்கும், ஆளுக்குக் காயம் வரும். பட்டையில் தழும்போ வீக்கமோ இருந்தால் வாள்காரருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். மறைத்து வேலை வாங்க வேண்டாம்.

அடிக்கட்டையைத் தோண்டி எடுப்பதையும், பற்றையை நெருப்பு வைத்து அழிப்பதையும் உங்கள் காணி மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டது என்று உறுதியாகத் தெரியும்வரை செய்யவே கூடாது. மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் விறகும் பொறுக்க வேண்டாம். சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

குளக்கட்டு, ஆற்றங்கரை, வாய்க்கால் ஓரம் ஆகியவற்றில் நிற்கும் மருது மரங்கள் யாருடைய வளவுக்கு எதிரே நின்றாலும் உங்களுடையவை அல்ல. அந்த வேர்கள்தான் கரையைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு மாரியில் கட்டு உடைந்தால் கீழே உள்ள வயல் முழுவதும் போகும். காட்டில் நிற்கும் பாலை, முதிரை, கருங்காலியும் அப்படியே.

நீங்கள் இல்லாத காலத்தில் உங்கள் காணியே பற்றையாகிக் காடாகி, எல்லைக்கல் நாட்டப்பட்டிருந்தால் கல்லைப் பிடுங்கவோ மரத்தைத் தறித்து உரிமை காட்டவோ வேண்டாம். அது வழக்கில் உங்களுக்கே எதிராக நிற்கும். உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய குடும்ப அட்டை, பாடசாலை விலாசம், எது கையில் இருக்கிறதோ அதன் பிரதிகளோடு பிரதேச செயலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம்.

விண்ணப்பிக்கும்போது காணி ஆவணத்தின் பிரதி, தேசிய அடையாள அட்டை, மரத்தின் வகையும் எண்ணிக்கையும் குறித்த கடிதம் ஆகியவற்றைக் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்குக் கொடுக்க வேண்டும். அனுமதிப்பத்திரக் காணியில் இருப்பவர்கள் எந்த மரமானாலும் முதலில் அங்கே கேளுங்கள். உத்தியோகத்தர் வந்து மரத்தைப் பார்வையிடுவார். அவர் பார்க்கும்வரை கிளைகூட வெட்ட வேண்டாம். இதற்கு நாட்கள் செல்லும், சில வேளை வாரங்களும் செல்லும். அத்திவாரம் வெட்டும்போதே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். சுவர் எழும்பிய பிறகு ஓடினால் கூரை மாரிக்குள் அகப்படும். கடிதத்தைக் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கி, பொலித்தீன் பையில் இட்டு வையுங்கள். தற்காலிகக் கொட்டிலில் கரையானும் ஒழுக்கும் காகிதத்தை விட்டுவைப்பதில்லை.