தச்சுக் கொட்டகைக்கு ஒரு பட்டை ரம்பம்

காற்றில் சாய்ந்த பூவரசையும் வேம்பையும் விறகு விலைக்குக் கொடுத்துவிட்டு, மண்வெட்டிப் பிடிக்கும் சன்னற் சட்டத்துக்கும் நகரத்தில் பணம் கொடுத்து மரம் வாங்குவது நம் கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. வீட்டோடு ஒரு சிறு தச்சுக் கொட்டகையும் அதில் ஒரு பட்டை ரம்பமும் இருக்குமாயின், இந்நஷ்டத்தின் ஒரு பகுதியையேனும் தவிர்க்கலாம். ஆனால், ஆராயாமல் வாங்கிய யந்திரம் கடனையும், சரியாகப் பூட்டாத யந்திரம் விரற்சேதத்தையும் தரும். ஆகவே, இதனைத் தேர்ந்தெடுத்து நிறுவும் முறையை இங்குக் கவனிப்போம்.

இதன் பயன்

மேலும் கீழுமாக உள்ள இரு சக்கரங்களின்மீது, முனைகள் இணைக்கப்பட்ட எஃகுப் பட்டை ஒன்று ஓயாது சுற்றுகிறது. அதன் ஓரத்துப் பற்கள் மரத்தை அறுக்கின்றன. வட்ட ரம்பம் ஒவ்வோர் அறுப்பிலும் சுமார் 3 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். மெல்லிய பட்டை ரம்பமோ 1 மில்லிமீட்டரைச் சற்றே கடக்கும். பத்து அறுப்புகளில் ஒரு பலகையின் கனம் மிஞ்சுகிறது. மேழி, நுகத்தடி, வண்டிச் சக்கரத்து வட்டை போன்ற வளைவான உறுப்புகளையும் இதில் அறுக்கலாம்.

தேர்ந்தெடுத்தல்

வீட்டுக் கொட்டகைக்கு 14 அங்குலச் சக்கரமும், 1 முதல் 1½ குதிரைச் சக்தி மோட்டாரும் போதும். ஒருமுனை மின்சாரத்திலேயே இது இயங்கும். இவ்வகையில் பலவும் 6 அங்குல உயரமே அறுக்கும் என்பதை மறவாதீர்கள். பெரிய அடிமரத்தை மில்லில் பிளந்து கொண்டுவருவதே முறை. பழைய யந்திரமாயின், சக்கரங்களைக் கையால் சுழற்றி, ஆட்டம் இல்லையென்று கண்டபின் விலை பேசுக.

வளைவு அறுக்க ¼ அங்குலப் பட்டை வேண்டும். அது சுமார் 5/8 அங்குல ஆரம் வரை திரும்பும். ½ அங்குலப் பட்டைக்கு 2½ அங்குல ஆரம் தேவை. பலகை பிளக்க, அங்குலத்துக்கு 3 அல்லது 4 பற்கள் உள்ள அகன்ற பட்டையே ஏற்றது. மெல்லிய மரத்துக்குப் பற்கள் நெருக்கமாக இருத்தல் வேண்டும். எவ்வாறாயினும் மூன்று பற்களேனும் மரத்துக்குள் இருக்க வேண்டும்.

நிறுவும் முறை

1. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தொடங்குக. யந்திரம் சமதரையில் அசையாமல் நிற்கட்டும்.

2. பற்கள் அறுப்பவரை நோக்கியும், மேடையருகே கீழ்நோக்கியும் இருக்குமாறு பட்டையை மாட்டி, அளவாக இறுக்குக.

3. மேல்சக்கரத்தைக் கையால் சுழற்றி, அதன் சாய்வை மெல்லத் திருத்தி, பட்டை சக்கரத்தின் நடுவே ஓடச் செய்க.

4. பக்க வழிகாட்டிகளுக்கும் பட்டைக்கும் இடையே ஒரு காகிதத்தின் கனமே இடைவெளி இருக்கட்டும். அவை பற்களைத் தொடலாகாது. பின்புறத் தாங்கி, மரம் அழுத்தும்போது மட்டுமே பட்டையில் படவேண்டும்.

5. மேடை பட்டைக்குச் செங்குத்தா என்று மூலைமட்டத்தால் பார்க்கவும்.

6. ஒரு பலகையில் ஓரத்துக்கு இணையாகக் கோடிட்டு, அதன் வழியே கையால் அறுத்துப் பாருங்கள். கோட்டிலேயே செல்லப் பலகையைச் சற்றுச் சாய்க்க நேர்ந்தால், பக்கத் தடுப்பையும் அச்சாய்வுக்கே பொருத்துங்கள். பலகை ஒருபுறம் தடித்தும் ஒருபுறம் மெலிந்தும் வருவது பெரும்பாலும் இதனைச் செய்யாததால்தான்.

எச்சரிக்கை

மேல் வழிகாட்டியை மரத்துக்கு ¼ அங்குல உயரத்தில் நிறுத்துக. பட்டை செல்லும் நேர்வழியில் விரலை வைக்கலாகாது. இறுதிப் பகுதியை ஒரு கட்டையால் தள்ளுக. உருண்டை மரத்தைத் தாங்கு பலகையில் இறுக்காமல் அறுத்தால், அது புரண்டு கையை இழுத்துச் செல்லும். பழைய மரத்தில் ஆணி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தளர்ந்த உடையும் கையுறையும் ஆகா. மூக்கை மூடிக்கொள்ளுதலும், மோட்டாருக்கு நில இணைப்புக் கொடுத்தலும் கட்டாயம். வேலை முடிந்ததும் பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்தினால் அது நீடித்து உழைக்கும்.

தனித்து வாங்க இயலாத தச்சர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கலாம். பஞ்சாயத்து உறுப்பினர்கள் அதற்கு வழிகாட்டலாம். ஆனால், உருட்டு மரத்தை விலைக்கு அறுக்கும் எண்ணமிருப்பின், முதலில் வனத்துறை அலுவலகத்தில் உரிம விதிகளை விசாரிக்க வேண்டும். யந்திரம் எதுவாயினும், முதல் நாள் ஒரு மணி நேரம் பொறுமையுடன் பூட்டியவருக்கே அது பல்லாண்டு பணிசெய்யும்.