இதயப்புழு மாத்திரை தவறிவிட்டதா? தாமதிக்காதீர்கள்

பருவகால ஆலோசனை: ஐப்பசி, கார்த்திகை – திருவண்ணாமலை வேங்கிக்கால் சுற்றுவட்டார நாய் வளர்ப்போருக்கு

வடகிழக்குப் பருவமழைக் காலம் இது. வேங்கிக்கால் ஏரிப் பக்கமும் காலி மனைகளிலும் தண்ணீர் தேங்கினால், பொழுது சாயும்போதே கொசு மொய்க்கத் தொடங்கிவிடும். கூடவே தீபத் திருவிழா வேலையும் விருந்தாளி வருகையும் சேர்ந்துகொள்ளும். நாய்க்கு மாதாமாதம் கொடுக்கும் இதயப்புழுத் தடுப்பு மாத்திரை மறந்துபோவதும் இந்த நாட்களில்தான். மறந்திருந்தால் பதற வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.

மாத்திரை செய்யும் வேலை

நோய்க்கிருமி சுமந்த கொசு கடிக்கும்போது புழுவின் இளம்பருவம் நாயின் உடலுக்குள் போகிறது. முதல் ஐம்பது நாள் போல அது தோலுக்கடியிலும் தசையிலும் வளர்கிறது. பிறகு இரத்தத்தில் கலந்து நுரையீரல் தமனிகளையும் இதயத்தையும் அடைகிறது. ஆறேழு மாதத்தில் முதிர்ந்துவிடும். பெண் புழு 30 செ.மீ. வரை நீளும், ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

மாதாந்திர மாத்திரை இனி வரப்போகும் கடியைத் தடுப்பதில்லை. கடந்த ஒரு மாதத்தில் உள்ளே நுழைந்த இளம்புழுக்களைக் கொல்கிறது. அதனால் தாமதமாகக் கொடுத்தாலும் பலன் உண்டு. ஆனால் புழு வளர்ந்துவிட்டால் இந்த மாத்திரைக்குக் கட்டுப்படாது. நாள் கடத்தக் கூடாது என்பது இதனால்தான்.

நாளைக் கணக்கிடுங்கள்

• கடைசி மாத்திரை கொடுத்து இரண்டு மாதம் ஆகவில்லை என்றால்: இன்றே ஒன்று கொடுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரண்டாகக் கொடுக்காதீர்கள். அடுத்த மாதக் கணக்கை இன்றிலிருந்து தொடங்குங்கள். அடுத்த முறை கால்நடை மருத்துவரைப் பார்க்கும்போது விட்டுப்போன விவரத்தைச் சொல்லுங்கள்.

• இரண்டு மாதத்தைத் தாண்டிவிட்டால்: ஓரிரு நாளில் மருத்துவரிடம் அழைத்துப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மருந்தைத் தொடங்குங்கள். முதிர்ந்த புழுக்கள் ஈன்ற நுண்புழுக்கள் இரத்தத்தில் மிகுந்திருக்கும் நாய்க்குச் சில மருந்துகள் ஒவ்வாமல் அதிர்ச்சி நிலை வரலாம்.

• ஆறு மாதம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். கிட் பரிசோதனை முதிர்ந்த பெண் புழுவின் புரதத்தைத்தான் கண்டுபிடிக்கும். போன மாதம் தொற்றிய புழு இன்றைய சோதனையில் தெரியாது.

அட்டையைப் படியுங்கள்

வழக்கமான குடற்புழு மாத்திரையும் உண்ணி மாத்திரையும் இதயப்புழுவைத் தடுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அட்டையில் ஐவர்மெக்டின், மில்பெமைசின், மாக்சிடெக்டின், செலமெக்டின் இவற்றில் ஒன்று இருக்கிறதா என்றும், நாயின் எடைக்கு ஏற்றதா என்றும் பாருங்கள்.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தை நாய்க்குக் கொடுக்கவே வேண்டாம். 10 கிலோ நாய்க்கு இதயப்புழுத் தடுப்புக்குத் தேவை 60 மைக்ரோகிராம். ஒரு சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லியிலேயே 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. வேண்டிய அளவு 0.006 மில்லி. இன்சுலின் சிரிஞ்சின் ஒரு கோட்டுக்கும் குறைவான இதை வீட்டில் யாராலும் அளக்க முடியாது. கோலி போன்ற சில இனங்களுக்கு அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து.

கொசுவுக்கு வழிவிடாதீர்கள்

பழைய டயர், கொட்டாங்குச்சி, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பொழுது சாய்ந்ததும் நாயை உள்ளே படுக்க வையுங்கள். முடியாவிட்டால் கூண்டுக்கு வலை கட்டுங்கள். மனிதர் பூசும் கொசு விரட்டி க்ரீமை நாய்க்குத் தடவக் கூடாது.

இவற்றைக் கண்டால் காத்திருக்காதீர்கள்

விடாத இருமல், கொஞ்சம் ஓடினாலே களைப்பு, எடை குறைவு, வயிறு வீக்கம், மயக்கம் ஆகியவை இதயப்புழுவின் அறிகுறிகள். நம் தென்னாட்டில் இதன் இனத்தைச் சேர்ந்த, தோலுக்கடியில் வாழும் டைரோஃபிலேரியா ரெபென்ஸ் என்ற புழுவும் நாய்களிடம் உண்டு. தோலில் கட்டியும் அரிப்பும் வந்தால் காட்டுங்கள். கொசு வழியாக அது மனிதருக்கும் தொற்றும். கேரளத்தில் மனிதர் கண்ணிலிருந்தே இந்தப் புழுவை எடுத்திருக்கிறார்கள்.

இனி மறக்காமலிருக்க

திருவண்ணாமலைக்காரர்களுக்குப் பௌர்ணமிக் கிரிவல நாள் மறக்காது. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் 29 அல்லது 30 நாள். மாத்திரையின் இடைவெளியும் அதுவே. பௌர்ணமியன்றே மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் வரும் பௌர்ணமிக்கும் நாள் குறைவாக இருந்தால், மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நம் ஊரில் குளிர் கொசுவை ஒழிக்காது. ஆகவே மழை விட்டபின்னும் நிறுத்தாமல் ஆண்டு முழுவதும் கொடுங்கள். முற்றிய புழுவுக்கு வைத்தியம் பல மாதம் இழுக்கும், செலவும் அதிகம், நாய்க்கும் வேதனை. தடுக்க மாதம் ஒரு மாத்திரை போதும்.